இருபத்தைந்து கட்டை

1976 ஆகஸ்டு 14, சனி. காகிதத் துண்டுகள், ஒன்றரைச் சாக்கு. தூரம் 7 கட்டை.
1980 பிப்ரவரி 3, ஞாயிறு. தோட்ட எல்லைப் பாதை அளந்தது: 11 கட்டை 32 சங்கிலி.
1983 டிசம்பர் முடிய. ஓடி முடித்த பாதைகள் 23. மிச்சம் இல்லை.
1986 ஜூன் 29, ஞாயிறு. ஓட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் 3 வெள்ளி. கான்வாஸ் சப்பாத்து 7 வெள்ளி 90 காசு.
1986 ஜூலை 20, ஞாயிறு. ரப்பர் விதை 25. போட்டவை 24. மிச்சம் 1.
அதே நாள். சிராப் தண்ணீர், 2 கிளாஸ்.
1986 ஜூலை 24 முதல் 1987 பிப்ரவரி 19 வரை. எழுதிய கடிதங்கள் 5. தபால் தலை 1 வெள்ளி.

இவை என் குறிப்பேடுகளிலிருந்து எடுத்தவை. மலேசியாவில் லாபுவுக்குப் பக்கத்தில், ஆங்கிலத்தில் வேறு பெயரும் தமிழர் வாயில் மூங்கில் தோட்டம் என்ற பெயரும் கொண்ட ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் கிராணியாக, கணக்கு எழுதுபவனாக, இருந்தேன். பால் எடை, மழை அளவு, வேலைக்கு வந்த ஆட்கள், வராத ஆட்கள் என்று அலுவலகம் கேட்டதையெல்லாம் எழுதினேன். யாரும் கேட்காத ஒன்றையும் எழுதிவந்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பஞ்சாலை என்ற பெண் ஏன் ஓடுகிறார் என்பதே அது.

பஞ்சாலை எந்த அலுவலகத்திடமும் எதையும் கேட்டு நின்றவர் அல்லர். வாழ்நாளில் ஒரே ஒருமுறை, ஒரு பட்டியலில் தன் பெயர் ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது ஏறாமல் போனதற்கு என் கையெழுத்து காரணம். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்வது என் கடமை.

முதலில் காகிதம். பால் தோட்டத்தில் குப்பை போடுவது பெரிய குற்றம். மரத்தில் கட்டியிருக்கும் மங்கில், அதாவது பால் வடியும் கோப்பையில், தூசு விழுந்தால் பாலின் தரம் குறையும். ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் முருகையா இதில் மிகக் கண்டிப்பானவர். யாருக்கு ஒதுக்கிய மர நிரையில் குப்பை கிடக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத் தோட்டத் துரைமார்களும் சிரம்பான் கனவான்கள் சிலரும் சேர்ந்து சனிக்கிழமைதோறும் ஒரு தோட்டத்தில் ஓடுவார்கள். இரண்டு பேர் முன்னால் போய்க் கிழித்த காகிதத்தைப் பாதையெல்லாம் போட்டுவைப்பார்கள். மற்றவர்கள் இரண்டு மணி நேரம் கழித்துக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து ஓடி வருவார்கள். 1976 ஆகஸ்டு 14 அன்று எங்கள் தோட்டத்தின் முறை. துரைக்குத் தெரியும், எனக்கும் தெரியும். லயத்து வீடுகளில் இருந்த ஆட்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பஞ்சாலைக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அதே தோட்டத்தில் பிறந்தவர். கணவர் ஆறுமுகம் தோட்டத்து லாரி ஓட்டுபவர். பகல் ஒன்று இருபதுக்குப் பால் நிறுத்து முடிந்ததும், மறந்து வைத்த தீட்டுக்கல்லை எடுக்கப் பஞ்சாலை தன் நிரைக்குத் திரும்பிப் போனார். அங்கே வெள்ளை வெள்ளையாகக் காகிதம் கிடந்தது. திங்கட்கிழமை மண்டோர் வாயில் விழ வேண்டிவரும் என்று பயந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒன்றை எடுத்தால் இருபது கஜத்தில் அடுத்தது தெரிந்தது. அதை எடுத்தால் அதற்கப்பால் இன்னொன்று. தன் நிரை முடிந்து அடுத்தவர் நிரை வந்தது, ஒன்பதாம் நம்பர் காடு வந்தது, ஓடை வந்தது, மூங்கில் புதர் வந்தது. தான் பிறந்ததிலிருந்து ஏறாத குன்றில் ஏறி இறங்கினார். மாலை நாலு பத்துக்குப் பழைய பங்களாத் திடலில் போய் வெளியே வந்தார். குளிர்பான லாரியின் நிழலில், காகிதம் போட்ட இருவரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சாலை ஒன்றரைச் சாக்குக் காகிதத்தை அவர்கள் முன்னால் இறக்கினார்.

"துவான், கெர்த்தாஸ் சுடா ஹாபிஸ்" என்றார். ஐயா, காகிதம் எல்லாம் தீர்ந்தது என்று பொருள்.

அந்த நேரத்தில்தான் முப்பத்து நான்கு கனவான்கள் தோட்டத்தின் மறுகோடியில் ஓட ஆரம்பித்திருந்தார்கள். கடைசி ஆளைக் கண்டுபிடித்தபோது இரவு எட்டு பத்து.

திங்கட்கிழமை விடியற்காலை ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டில் துரை பஞ்சாலையை முன்னால் வரச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். நடந்தாயா, ஓடினாயா என்று துரை கேட்டார்.

"நடந்தா உலை வைக்கற நேரம் தாண்டிரும்ல. ஓடி ஓடித்தான் பொறுக்குனேன்."

உன் நிரையோடு ஏன் நிற்கவில்லை என்று கேட்டார்.

"அடுத்தது எங்க கெடக்குன்னு பாக்கணும்போல இருந்துச்சு."

துரையிடம் நான் முதல் பதிலை மட்டும் சொன்னேன். இரண்டாவது தேவையற்றது என்று நினைத்தேன். ஆனாலும் அன்றைய பக்கத்தின் ஓரத்தில் அதைக் குறித்துவைத்தேன். துரை சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார், தண்டனை எதுவும் இல்லை. முருகையா மட்டும் அன்றிலிருந்து பஞ்சாலையைக் காகிதக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாலை ஓடினார். கணவரின் பழைய கால்சட்டையை முழங்காலோடு வெட்டி, மேலே முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கையில் சாக்கு இல்லை, காகிதமும் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் ஓடினார். லயத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நேர்த்திக்கடன் என்றார்கள், மூங்கில் புதரில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்றார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஆகவில்லை என்றும் ஒரு பேச்சு. ஆறுமுகம் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளும் மனிதர் அல்லர்.

"பொண்டாட்டி ஓடிப்போயிட்டா, ஓடிப்போயிட்டான்னு ஊரே சொல்லுது ஐயா. நெசந்தான். வாராவாரம் ஓடிப்போறா. சோறாக்கற நேரத்துக்குத் திரும்பி வந்துர்றா. வேற எவனுக்கு இந்தக் கொடுப்பினை?"

எனக்குக் காரணம் தெரியாமல் ஒரு பத்தி காலியாக இருந்தால் பொறுக்காது. ஆகவே பஞ்சாலையைக் காணும்போதெல்லாம் கேட்டு, பதிலைத் தேதியோடு எழுதினேன். 1977 ஜனவரியில் "சும்மாதான் ஐயா" என்றார். 1978 ஏப்ரலில் "காலு கேக்குது" என்றார். 1979இல் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை சிரித்தார். இரண்டாம் முறை என்னையே திருப்பிக் கேட்டார்: "ஐயா ஏன் எழுதறீங்க?" அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லாததால், அந்தத் தேதிக்கு எதிரே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

பிறகு பஞ்சாலையே ஒரு கேள்வியோடு வந்தார். எல்லைப் பாதையை முழுதாகச் சுற்றினால் எத்தனை கட்டை? எங்கள் பக்கத்தில் கட்டை என்றால் மைல். பெரிய சாலையில் மைலுக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள், அந்தக் கல்லையும் கட்டை என்போம், அது காட்டும் தூரத்தையும் கட்டை என்போம். அலுவலகத்தில் நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலி இருந்தது, எண்பது சங்கிலி ஒரு கட்டை. 1980 பிப்ரவரி 3 அன்று நானும் ஆறுமுகமும் காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரை அளந்தோம். பதினோரு கட்டை, முப்பத்திரண்டு சங்கிலி. கட்டைக்கு ஒரு மரத்தில் சிவப்புச் சாயம் பூசினேன்.

அதற்குப் பின் பஞ்சாலை புறப்படும்போது, எத்தனை கட்டை ஓடப் போகிறாரோ அத்தனை ரப்பர் விதைகளை எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சிவப்பு மரத்துக்கு ஒன்று கீழே போடுவார். ஓராண்டில் மரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று, கட்டைக் கணக்கு காலிலேயே பதிந்துவிட்டது. இதை நான் எளிதில் நம்பவில்லை. 1982 மே மாதம் பக்கத்துத் தோட்டத்தில், அவர் கால் வைக்காத பாதையில் ஆறு விதைகளோடு ஓடவிட்டு, விழுந்த இடங்களைப் பிறகு சங்கிலி பிடித்து அளந்தேன். ஆறு கட்டைக்குப் பிழை ஒன்பது சங்கிலி. என் எடைத் தராசு பல நாள் இதைவிட மோசமாகக் காட்டியிருக்கிறது.

1983இல் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று லாபுவில் ஒரு சிறு வீட்டுக்கு வந்தேன். அந்த டிசம்பரில் பஞ்சாலை வந்தபோது முகம் சரியாக இல்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல ஐயா. இங்க எல்லாப் பாதையும் தீந்துபோச்சு. அடுத்த வளைவுல என்ன இருக்கும்னு காலுக்கே தெரிஞ்சுபோச்சு."

உட்கார்ந்து எண்ணினோம். போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருபத்து மூன்று பாதைகள். எல்லாவற்றையும் ஓடியிருந்தார். அதன் பிறகும் ஞாயிறுகளில் ஓடினார், ஆனால் வீடு கூட்டுவதைப்போல ஓடினார்.

1986 ஜூன் மாதம் செனாவாங்கிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்கிற நம் ஆட்கள் சிலர் சேர்ந்து ஓட்டக் குழு ஒன்று வைத்திருந்தார்கள். ஜூலை 20 காலை ஏழரைக்கு லாபுவில் தொடங்கித் தோட்டப் பாதைகள் வழியாகவே புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு திடல் வரை ஓட வேண்டும். பெண்களும் ஓடலாம். நான்கு மணி நேரத்துக்குள் முடித்தவர்களின் பெயர்ப் பட்டியல் போடப்படும். பட்டியலில் உள்ளவர்களை மட்டும் அடுத்த ஆண்டு மே மாதம் பகாங் மலைக்குள் இரண்டு நாள் ஓட்டத்துக்கு, பஸ்ஸும் தங்குமிடமும் கொடுத்து, அழைத்துப் போவார்கள்.

அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பஞ்சாலை மூன்றாம் வகுப்புத் தமிழ் படித்தவர். நான் படித்துச் சொன்னேன். மலை என்றதும் இரண்டாம் முறை அந்த இடத்தை மட்டும் படிக்கச் சொன்னார்.

"அங்க எனக்கு ஒரு பாதையும் தெரியாது இல்ல?" என்றார்.

ஒன்றும் தெரியாது என்றேன். அன்றே மூன்று வெள்ளி கட்டினார், ஏழு வெள்ளி தொண்ணூறு காசுக்குச் சப்பாத்து வாங்கினார். அறிவிப்பின் பின்புறத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். இடம், நேரம், எண் 41. தூரம்: 25 கட்டை.

அறிவிப்பில் இருந்தது 25 கிலோமீட்டர்.

எப்படி எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லாபு சாலையில் பழைய மைல் கற்களைப் பிடுங்கிக் கிலோமீட்டர் கற்களை நட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கல் மாறினாலும் வாயில் பெயர் மாறவில்லை, புதுக் கல்லும் கட்டைதான். கடைத்தெருவில் குடிவந்த மூன்று ஆண்டுகளில் நானும் அப்படியே பேசப் பழகியிருந்தேன். பஞ்சாலைக்கோ கட்டை என்பது எண்பது சங்கிலி. அதைச் சங்கிலி பிடித்துச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

ஜூலை 20 காலை லாபுவில் நூற்றுப் பதினெட்டுப் பேர் நின்றார்கள், பெண்கள் ஒன்பது. எண் பொறித்த தகர வில்லையை எல்லோர் கழுத்திலும் மாட்டினார்கள். முடிவில் மேசையில் வில்லையைக் கழற்றிக் கொடுத்தவருக்குத்தான் ஓட்டம் முடிந்த கணக்கு. இதை மலாயில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பஞ்சாலை பையில் இருபத்தைந்து விதைகள். நான் அவரை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆறுமுகம் சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் முடிவுத் திடலுக்குப் போனார். வழியில் டயர் பஞ்சராகிப் பத்தேமுக்காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்.

பகல் ஒன்று நாற்பதுக்கு அவர் என் வீட்டு வாசலில் நின்றார்.

"ஐயா, பஞ்சாலையக் காணோம். எல்லாரும் வந்துட்டாங்க. நாப்பத்தொண்ணு வரலன்னு எழுதிட்டாங்க. பின்னால பாதையில ஆள் போட்டுத் தேடியாச்சு, இல்ல."

அவர் கையில் அந்த அறிவிப்பு இருந்தது. வழியில் யாரிடமாவது காட்டி விசாரிக்கலாம் என்று கொண்டு வந்திருந்தார். அதைத் திருப்பிப் பார்த்தேன், என் எழுத்தைப் படித்தேன். பிறகு பென்சிலை எடுத்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர் என்பது பதினைந்து கட்டை நாற்பத்து மூன்று சங்கிலி. இருபத்தைந்தில் அதைக் கழித்தால் மீதி ஒன்பது கட்டை முப்பத்தேழு சங்கிலி. பஞ்சாலை பின்னால் எங்கும் விழுந்து கிடக்கவில்லை. முன்னால் போய்விட்டார். ஆறுமுகத்திடம் சொன்னேன்.

"முன்னாலன்னா எங்க ஐயா? அங்குட்டு என்ன இருக்கு?"

லுக்குட் இருக்கிறது, அதற்குப் பிறகு கடல் என்றேன்.

மோட்டாரில் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். சப்பாத்துப் போட்டு ஒரு தமிழ்ப் பெண் ஓடியதைப் பார்த்தீர்களா என்று ஏழு இடத்தில் கேட்டோம். லுக்குட்டில் ஒரு சீனர் கடையில், பகலில் ஒரு பெண் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கடல் பக்கம் போனதாகச் சொன்னார்கள். நாலு முப்பத்தைந்துக்குக் கண்டுபிடித்தோம். கடற்கரையில் ஒரு மரத்தடியில், சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, ஈர மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வில்லை தொங்கியது.

ஆறுமுகம் திட்டுவார் என்று நினைத்தேன். தூக்குச்சட்டியை மனைவி முன்னால் வைத்து, "இன்னைக்கு நெசமாவே ஓடிப்போயிட்ட போல" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஞ்சாலை என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் திறந்து காட்டினார். ஒரு விதை இருந்தது.

"ஒண்ணு மிஞ்சிப்போச்சு ஐயா. நெலம் தீந்துருச்சு. கரையோரமா ஓடி அந்த ஒரு கட்டையையும் முடிச்சிரலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள இதப் பாத்துட்டு ஒக்காந்துட்டேன். என் கணக்குத் தப்பா?"

உன் கணக்கு சரி, தப்பு என்னுடையது என்றேன். ஓட்டம் கூடாரம் போட்டிருந்த திடலிலேயே முடிந்துவிட்டது என்றும், வில்லையை அங்கே கொடுக்காததால் முடிக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள் என்றும் சொன்னேன். பஞ்சாலை கடலைப் பார்த்தபடி நின்றார்.

"அது தண்ணிப் பந்தல்னுல்ல நெனச்சேன்" என்றார். தைப்பூசத்தில் பாதி வழியில் பந்தல் போட்டு, சிவப்பாக இனிக்கும் சிராப் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்துவிட்டு நடப்போமே தவிர, யாரும் அங்கே நின்றுவிடுவதில்லை. கூடாரமும் சிவப்புத் தண்ணீரும் கூட்டமும் கண்ட பஞ்சாலை, பையில் இன்னும் பத்து விதைகள் இருக்க, வேறு எப்படி நினைப்பார்?

பிறகு, "அப்ப மலைக்குப் போக முடியாதா?" என்றார்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. வேறொன்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்டிருக்கக் கூடாதுதான், ஆனாலும் கேட்டேன். திடலுக்கு அப்பால் குழு வழிகாட்டக் கட்டிய துணிகள் இல்லையே, எதைப் பார்த்து ஓடினாய்?

முந்தின நாள் சனிக்கிழமை. துரைமார்களின் காகிதம் அங்கே கிடந்திருக்கிறது. இரண்டு கட்டை தூரம் அதைப் பார்த்தே ஓடினாராம். பிறகு காகிதம் பங்களா பக்கம் திரும்பிவிட்டது. விதை தீராததால் இவர் திரும்பவில்லை.

"பேப்பர் போனப்புறம்தான் ஐயா நல்லா இருந்துச்சு. முன்னாடியும் ஆளில்ல, பின்னாடியும் ஆளில்ல. ஒவ்வொரு திருப்பத்துலயும் இப்ப என்ன, இப்ப என்னன்னு. நெரையில அஞ்ஞூறு மரம் வெட்டினாலும் கடைசியில மொத மரத்துக்கிட்டதான வந்து நிக்கணும். இது அப்படி இல்ல. அந்த மேட்டுல ஏறினேன், இவ்வளவு தண்ணி."

பத்து ஆண்டுகளாக நான் கேட்டுவந்ததற்கு அதுதான் நீளமான பதில். கையில் குறிப்பேடு இல்லாததால் வீட்டுக்கு வரும்வரை மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 24 அன்று குழுவுக்கு முதல் கடிதம் எழுதினேன். பிழை முழுவதும் என்னுடையது, ஓடியவருடையது அல்ல என்று விளக்கினேன். ஆகஸ்டு 12 அன்று பதில் வந்தது. வில்லை கொடுக்காதவர் முடித்தவர் ஆகார் என்றது. ஆகஸ்டு 18, அக்டோபர் 13 ஆகிய தேதிகளில் மறுபடி எழுதினேன். வருந்துகிறோம் என்று ஒரு பதில் வந்தது. வருத்தத்தைப் பட்டியலில் ஏற்ற முடியாது.

நவம்பர் 22, சனிக்கிழமை, பஸ் ஏறிச் செனாவாங் போனேன். குழுவின் செயலாளர் கணேசமூர்த்தி மூன்று மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தார். முப்பது வயதிருக்கும். மரியாதையான ஆள், பிடிவாதக்காரரும்கூட. தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்த்தித் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

"நீங்க சொல்றத நான் நம்பறேன் ஐயா. ஆனா ரூல்ஸ் ரூல்ஸ்தான் லா. அவங்க கோட்டத் தாண்டினதுக்கு எங்ககிட்ட ரெக்கார்ட் ஒண்ணும் இல்லையே."

அவர் சொன்னது நியாயம். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அன்றைய தாள்கள் எல்லாவற்றையும் காட்டும்படி கேட்டேன். நேரத் தாள், முதலுதவிக் குறிப்பு என்று ஒரு கோப்பு நிறைய வைத்திருந்தார். எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்த அம்மா, மங்கம்மா என்று பெயர், மேசைக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொண்ணா? தலையில துண்டு கட்டின அக்காவா? ரெண்டு கிளாஸ் குடிச்சுட்டு, நல்லா இருங்கன்னு சொல்லிட்டு ஓடுச்சே."

எண் எப்படி ஞாபகம் என்று கேட்டேன்.

"ஞாபகம் என்னத்துக்கு? அன்னைக்குச் சிராப் ஊத்தினது நான்தான், எழுதி வெச்சிருக்கேன்ல. ஆளுக்கு ரெண்டு கிளாஸ்னு கணக்கு. மூணாவது கேட்டவன் நம்பரெல்லாம் எங்கிட்ட இருக்கு. இவரு ரெண்டு தடவை கேட்டாரு."

கணேசமூர்த்தி தன் தேநீரைப் பார்த்துக்கொண்டார்.

மங்கம்மா உள்ளே போய் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியைக் கொண்டுவந்தார். வந்த வரிசையில் எண்கள், எதிரே கிளாசுக்கு ஒரு கோடு. எண் 88, இரண்டு கோடு. எண் 41, இரண்டு கோடு. எண் 63, ஒரு கோடு. சிராப் மேசை எங்கே இருந்தது என்று கேட்டேன். முடிவுக் கம்பங்களுக்கு ஐந்து கஜம் உள்ளே என்றார்கள். நேரத் தாளை விரித்தேன். 88 வந்தது பத்து ஆறு. 63 வந்தது பத்து ஒன்பது. இரண்டுக்கும் நடுவில், பத்து எட்டுக்கு, எண் 17 காலில் சுளுக்குப் பிடித்துக் கம்பத்தடியில் விழுந்ததாக முதலுதவிக் குறிப்பு சொன்னது. வில்லை வாங்கும் மேசையில் இருந்தவர்கள் எல்லாம் அவரைத் தூக்க ஓடியிருக்கிறார்கள். பஞ்சாலை கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததை மங்கம்மா மட்டும் பார்த்திருக்கிறார், எழுதியும் வைத்திருக்கிறார்.

கணேசமூர்த்தி மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று முறை பார்த்தார். தான் ஒருவராக முடிவு சொல்ல முடியாது, எழுதிக் கொடுங்கள், குழுவில் வைக்கிறேன் என்றார். டிசம்பர் முதல் தேதி மூன்று தாள்களின் நகலோடு நான்காவது கடிதத்தை அனுப்பினேன். குழு கூடும்போது பார்க்கிறோம் என்று ஜனவரியில் ஒரு வரி வந்தது. பிப்ரவரி 19 அன்று நினைவூட்டி எழுதினேன்.

இந்த மாதங்களில் பஞ்சாலை ஒருமுறைகூட என்னைக் குறை சொல்லவில்லை. ஞாயிறுதோறும் லாபு வரை ஓடி வந்து, வாசலில் நின்று, ஏதும் வந்ததா என்று கேட்பார். இல்லை என்பேன். சரி என்று திரும்பி ஓடுவார். மிஞ்சிய விதையை என்னிடம் கொடுத்திருந்தார். அதை ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

நான்காவது பதில் வந்தபோது அது ஞாயிறு அல்ல. ஆறுமுகத்துக்கு லாரி ஆபீசில் ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். மாலை நாலரைக்குப் பஞ்சாலை வந்தார், வழக்கம்போல ஓடியே வந்தார். நான் படித்துச் சொன்னேன். எண் 41, பெண்களில் இரண்டாம் இடம், நேரம் குறிக்கப்படவில்லை, பெயர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மே மாத ஓட்டத்துக்குச் செனாவாங்கிலிருந்து பஸ் புறப்படும். இத்துடன் இவ்விஷயம் முடிவடைகிறது, மேற்கொண்டு கடிதம் எழுத வேண்டாம். அந்தக் கடைசி வரி எனக்காக எழுதப்பட்டது என்பது புரிந்தது.

தூரம் என்னவென்று பஞ்சாலை கேட்டார். அறுபது கிலோமீட்டர், முப்பத்தேழு கட்டை இருபத்து மூன்று சங்கிலி என்றேன். இந்தமுறை கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்திருந்தேன். அவர் இரண்டாம் இடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பாதை எப்படி இருக்கும் என்று எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார்.

கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் ஒரு வரி இருந்தது. பாதை பற்றிய விவரம் எதுவும் முன்கூட்டித் தரப்படாது, அன்று காலையில்தான் தெரியும் என்று படித்தேன். பஞ்சாலை அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் சிரித்ததை நான் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு சட்டைப் பையில் கையை விட்டு, வழியில் பொறுக்கிக்கொண்டு வந்த ரப்பர் விதைகளை என் மேசையில் கொட்டி, முப்பத்தேழு எண்ண ஆரம்பித்தார்.

கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள்: 1987 மார்ச் 11, புதன்கிழமை.